சடவும் எடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. பெருந்துறை பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், வயது 44. 2021 கடைசியில் எனக்கு மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு வருடத்தில் 64 கிலோவிலிருந்து 83 கிலோவுக்குப் போனேன். இப்போது 74. அந்த ஒன்பது கிலோவைப் பார்த்துவிட்டுக் கம்பெனியிலும் சொந்தத்திலும் கேட்கிறார்கள். பாதிப்பேர் எடையில் ஆரம்பித்து, பக்கத்தில் ஆள் இல்லாதபோது மனசைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதி விரல் வலித்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

எனக்கு இருப்பது மனச்சோர்வா, வெறும் சடவா?

நம்ம பக்கம் எதற்கெடுத்தாலும் "சடவாயிருக்குதுங்க" என்போம். சடவு என்றால் அசதி, அலுப்பு. காட்டில் களை வெட்டிவிட்டு வந்தாலும் சடவு, காய்ச்சல் விட்டாலும் சடவு, காரணமே இல்லாமல் கட்டிலை விட்டு எழ முடியாவிட்டாலும் சடவு. நானும் எட்டு மாதம் டாக்டரிடம் இதைத்தான் சொன்னேன். அவரும் உடம்புச் சடவு என்று எடுத்துக்கொண்டு சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டு முறை பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டும் வந்தேன். ஏற்றிய அன்று சாயங்காலம் கொஞ்சம் தெம்பாக இருக்கும், அதுவும் ஊசி போட்டோம் என்ற திருப்தியில்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி மனசு கனத்துக் கிடக்கிறதா? முன்பு பிடித்த விஷயங்களில் ருசி போய்விட்டதா? இதில் ஒன்று இருந்து, கூடவே தூக்கம் கெட்டிருந்தால் (வராமலும் இருக்கலாம், அளவுக்கு மீறியும் தூங்கலாம்), பசி மாறியிருந்தால், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் ஓடிக்கொண்டே இருந்தால், சடவு என்ற சொல்லை விட்டுவிட்டு டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) காலத்தில் இதற்கு வெசனம் என்று ஒரு சொல் இருந்தது. "அவளுக்கு ஒரே வெசனம், சோறு தண்ணி இறங்கல" என்பார்கள். என்னைப் போன்றவர்களுக்குச் சோறு ரொம்ப நன்றாகவே இறங்கும் என்பதுதான் சிக்கல். மனச்சோர்வு சிலருக்குப் பசியைக் கொல்லும், சிலருக்குத் தூக்கத்தையும் தீனியையும் கூட்டும். இரண்டாவது ரகத்தைப் பார்த்தால் ஊருக்கு வியாதியாகவே தெரியாது. சோம்பேறி என்பார்கள்.

முதலில் எதைப் பார்ப்பது? மனசையா, எடையையா?

மனசை. மனநல டாக்டரை முதன்முதலில் பார்த்தபோது நான் கேட்ட முதல் கேள்வியே எடை எப்போது குறையும் என்பதுதான். "இந்த மூணு மாசம் எடை ஏறாம இருந்தாலே பெரிய விஷயங்க. குறைக்கற பேச்ச அப்புறம் பேசலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

மனச்சோர்வின் நடுவில் கடுமையான டயட் ஆரம்பித்தால் பத்து நாள் ஓடும். பதினோராம் நாள் எழுந்திருக்கவே முடியாத நாளாக இருக்கும். டயட் உடையும். உடைந்ததும் "பார், இதைக்கூடச் செய்யத் துப்பில்லை" என்று உள்ளே இருக்கும் குரலுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும். நான் அப்படி நாலு முறை உடைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தொடங்கிய இடத்தைவிட இரண்டு கிலோ கூடித்தான் நின்றேன்.

ரத்தப் பரிசோதனை வேண்டுமா?

வேண்டும். தைராய்டு குறைந்தால் சடவு, எடை ஏற்றம், மந்தமான மனசு மூன்றுமே வரும். அதனால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு சோதனையைப் பார்க்காமல் இது மனச்சோர்வுதான் என்று முடிவு கட்டக் கூடாது. ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பெரும்பாலும் பார்ப்பார்கள். மாதவிடாய் தாறுமாறாக இருந்தால் சினைப்பை நீர்க்கட்டி பற்றியும் கேட்டுவிடுங்கள். தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தால் வெறும் வயிற்றில் போட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் டீ. எங்கள் வீட்டில் கண் திறப்பதற்கு முன்னாலேயே டம்ளர் கைக்கு வந்துவிடும் என்பதால் இதற்கே ஒரு மாதம் போராடினேன்.

மாத்திரையால்தான் எடை ஏறுகிறது, நிறுத்திவிடலாமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இந்தத் தப்பைச் செய்தேன்.

மாத்திரையில் எடை ஏறும் என்பது பொய் இல்லை. மனச்சோர்வு மருந்துகளில் மிர்டாசபின், பராக்சடின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றில் எடை கூடும் வாய்ப்பு அதிகம். தூக்கத்துக்கும் மனநிலைக்கும் சேர்த்துக் கொடுக்கப்படும் ஒலான்சபின், குவெட்டியாபின் இரண்டும் பசியை நன்றாகக் கிளப்பும். செர்ட்ராலினில் இந்தத் தொல்லை குறைவு. ஃப்ளுவாக்சடினில் ஆரம்ப மாதங்களில் எடை கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யலாம். புப்ரோபியான் பொதுவாக எடையை ஏற்றுவதில்லை, ஆனால் வலிப்பு வந்தவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆக, டாக்டரிடம் மாற்று இருக்கிறது. அவரிடம் வாய் திறந்து கேட்பதுதான் நம் வேலை.

எனக்கு முதலில் மருந்து கொடுத்த இடத்தில் எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்து மாதத்தில் ஏழு கிலோ ஏறியதும் யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைக்குள் கரண்ட் அடிப்பது போல வெடுக்வெடுக்கென்றது. படி இறங்கினால் தரை ஆடியது. கம்பெனியில் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய உட்கார்ந்து, ஒரு இன்வாய்ஸ் எண் ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தேம்பி அழுதேன். பத்தாம் நாள் பழைய இருட்டு முழுசாகத் திரும்பியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

இந்த மருந்துகள் வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரமாவது ஆகும். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதாக இருந்தாலும் டோஸைப் படிப்படியாக இறக்கித்தான் நிறுத்த வேண்டும். "எடை ஏறுதுங்க, இதை மாத்த முடியுங்களா?" என்று நான் கேட்டபோது டாக்டர் சிரித்துக்கொண்டே வேறு மருந்து எழுதினார். அந்த ஒரு கேள்வியை ஏழு கிலோவுக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

எங்கே போய்ப் பார்ப்பது? ஊரில் தெரிந்தால்?

கோவை, சேலம், பெருந்துறை, திருப்பூர், நாமக்கல், கரூர் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கும்போது மனநலப் பிரிவு என்று சொன்னால் போதும். பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசு இல்லை. உள்ளூரில் முகம் தெரிந்துவிடும் என்று நினைத்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள், தப்பில்லை. நானே முதலில் ஒரு வருடம் பஸ் ஏறி வேறு ஊருக்குத்தான் போனேன். போகும்போது "பல் டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போவேன். அந்த ஒரு வருடத்தில் எனக்கு முப்பது பல் பிடுங்கியிருக்க வேண்டும்.

நேரில் போகத் தைரியம் வராதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. சாக வேண்டும் போல எண்ணம் வந்தால் எடை, டயட், இந்தப் பக்கம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு அன்றைக்கே இந்த எண்களில் ஒன்றைக் கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் என்ன மாற்றினீர்கள்?

சோற்றை விடவில்லை. விடச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டைதான்.

மனச்சோர்வில் இருக்கிறவளுக்குச் சமையலே ஒரு மலை. காய் நறுக்கி, பொரியல் வதக்கி, தனியாகச் சாலட் செய்து என்று போடும் திட்டம் எதுவும் நடக்காது. அதனால் என்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடிகிற ஒன்றை எடுத்து அதைத் திருத்தினேன். அரிசிம்பருப்பு. எங்கள் வீட்டு அளவு ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. அதை முக்கால் டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் பருப்பு என்று மாற்றினேன். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியோடு அவரையோ கேரட்டோ ஒரு பிடி. குக்கரில் மூன்று விசில். அடுத்த அடுப்பில் இரண்டு முட்டை வேகும். மொத்தம் 25 நிமிடம், கழுவ இரண்டே பாத்திரம். மேலே நெய் ஒரு ஸ்பூன். கரண்டியால் ஊற்றுவதை மட்டும் நிறுத்தினேன். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதமும் 75 கலோரியும் இருக்கின்றன. பக்கத்திலேயே நாமக்கல்லை வைத்துக்கொண்டு புரதத்துக்கு டப்பா பவுடர் வாங்குவது எனக்குப் புரியவில்லை.

அடுத்தது எண்ணெய். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் கடலை எண்ணெய் போய்க்கொண்டிருந்தது. கணக்கு எழுதுகிறவள் இல்லையா, வகுத்துப் பார்த்தேன்: ஆளுக்குத் தினம் 33 மில்லி. இப்போது மாதம் இரண்டரை லிட்டர் மட்டும்தான் வாங்குகிறோம், தீர்ந்தால் தீர்ந்தது. ஆளுக்குத் தினம் நூறு கலோரி போலக் குறைந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பள்ளிபாளையம் சிக்கன் செய்யும் ஞாயிற்றுக்கிழமை தவிர. அன்றைக்கு நான் கை கட்டிக்கொண்டு நிற்பதில்லை.

அப்புறம் டீ. நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதிலேயே 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது. ஸ்பூனை ஒன்றாக்கி, டீயை மூன்றாக்கினேன். கருப்பட்டி போட்டால் பரவாயில்லையா என்று கேட்பார்கள். ருசிக்குப் போடலாம், எடைக்கு அதுவும் சர்க்கரைதான்.

கொள்ளு சாப்பிட்டால் எடை குறையுமாமே?

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று கேட்டே வளர்ந்தோம். கொள்ளு நல்ல பொருள்தான், நூறு கிராமில் 22 கிராம் அளவு புரதம், நார்ச்சத்தும் நிறைய. ஆனால் கொழுப்பை அது கரைத்து எடுத்துவிடாது. கொள்ளுப்பருப்பைக் கடைந்து வைத்தால் நான் மூன்று முறை சோறு போட்டுக்கொள்வேன், அதில் எங்கே குறைவது? கொள்ளு ரசமாகவோ சுண்டலாகவோ சாப்பிடுங்கள், பசி தாங்கும்.

ராத்திரியானால் கை நிற்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

எனக்கு ராத்திரி இல்லை, சாயங்காலம் ஆறரை. கம்பெனி விட்டு வரும் வழியில் ஒரு பேக்கரி. வண்டியை ஸ்டாண்ட் கூடப் போடாமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஒரு தேங்காய் பன், ஒரு பப்ஸ். பன்னின் நடுவில் இருக்கும் சர்க்கரைத் தேங்காய் கைவிரலில் ஒட்டும், அதையும் நக்கிவிட்டு, காகிதத்தைக் கசக்கிப் பேக்கரிக் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவிட்டு, துப்பட்டாவைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன். பிறகு எல்லோரோடும் உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடும் உண்டு. ஒரு வருடம் யாருக்கும் தெரியாது. பன்னைவிட அதை ஒளித்ததுதான் என்னை அதிகம் தின்றது.

மனநல ஆலோசகரிடம் சொன்னபோது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மதியம் ஒரு மணிக்கு, அதுவும் டயட் என்று ஒரு சப்பாத்தி. அஞ்சரை மணி நேரம் காய்ந்த வயிறு, நாள் முழுக்க அடக்கிய அழுகை, எதிரில் பேக்கரி. இதில் மனக்கட்டுப்பாடு என்ற ஒன்றைக் குறை சொல்லி என்ன பயன்? மதியம் நிறைவாகச் சாப்பிட ஆரம்பித்தேன். நாலரைக்கு மேசை டிராயரில் ஒரு பிடி வறுத்த கடலையோ ஒரு வாழைப்பழமோ. வண்டியை அந்தத் தெரு வழியாக விடாமல் சுற்றிக்கொண்டு போனேன். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை, அதே பன்னை வீட்டுக்கு வாங்கிவந்து தட்டில் வைத்து எல்லோர் முன்னாலும் தின்றேன். ஆறு மாதத்தில் அது சாதாரணப் பன் ஆகிவிட்டது.

வயிறு வெடிக்கும் அளவு தின்பது, தின்றபின் வாந்தி எடுப்பது, அடுத்த நாள் பட்டினி கிடந்து ஈடுகட்டுவது என்று போனால் அது தனியாக வைத்தியம் பார்க்க வேண்டியது. டாக்டரிடம் அதை மறைக்காதீர்கள். அந்த நிலையில் எடை குறைக்கும் முயற்சியையே தள்ளி வைக்கச் சொல்வார்கள்.

நடக்க மனசே வருவதில்லை. எப்படி ஆரம்பிப்பது?

மனசு வராது. வரும் என்று காத்திருந்தால் பங்குனி போய் ஐப்பசி வந்துவிடும். மனநல வைத்தியத்தில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது: மனசைக் கேட்காமல், மிகச் சின்ன ஒரு காரியத்தை நேரம் குறித்துச் செய்வது. செய்த பிறகு மனசு ஒரு இம்மி நகரும், சில நாள் நகராது, இருந்தாலும் மறுநாள் அதே நேரத்துக்கு அதே காரியம்.

என் முதல் மாத இலக்கு: செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் கேட் வரை போய்த் திரும்புவது. கேலியாகத்தான் இருக்கும். ஆனால் திட்டம் போடும்போது தெம்பான நாளை மனசில் வைத்துப் போடுகிறோம், அதுதான் தோற்கிறது. என்னிடம் இருந்ததிலேயே மோசமான நாளை எடுத்துக்கொண்டேன். தலை சீவாமல், குளிக்காமல், போனை எடுக்காமல் கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாய்க்கிழமையிலும் என்னால் எது முடியும்? கேட் வரை. சரி, அதுவே திட்டம். முடிந்த நாளில் மேலே போனால் அது லாபக் கணக்கு.

சமையலறையில் மளிகைக்கடை கொடுத்த மாத காலண்டர் தொங்குகிறது. கேட் வரை போன நாளுக்கு ஒரு புள்ளி, பத்து நிமிடம் நடந்தால் ஒரு கோடு, அரை மணி என்றால் பெருக்கல் குறி. 2022 ஜூலைத் தாள் முழுக்கப் புள்ளிதான், இரண்டே கோடு. டிசம்பரில் கோடு அதிகம். அந்தத் தாள்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன். காலியாக விட்ட நாட்களும் இருக்கின்றன. அடுத்தடுத்து இரண்டு நாள் காலி விடக் கூடாது என்று மட்டும் ஒரு விதி, அதையும் பலமுறை மீறியிருக்கிறேன்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அங்கே போய்ச் சேர எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. பத்து நிமிட நடையில் எரிவது ஒரு முட்டையின் கலோரியில் பாதிதான், அதனால் நடையை எடைக் கணக்கில் போடவே மாட்டேன். லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. தூக்கத்துக்கும் நல்லது. நடையை மருந்துக் கணக்கிலும் சாப்பாட்டை எடைக் கணக்கிலும் எழுதுங்கள்.

தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்கிறேனே, போதாதா?

மாட்டுக்குத் தீவனம் அறுத்து, பால் கறந்து, களை எடுப்பவர்களுக்குத் தனியாக நடை தேவையில்லைதான். ஆனால் இப்போது பல தோட்டத்து வேலை என்பது மோட்டார் போட்டுவிட்டு, சொட்டுநீர் வால்வைத் திருப்பிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து ஆள்களை விசாரிப்பது. எது உங்களுடையது என்று உங்களுக்கே தெரியும்.

எங்கே நடப்பது? பெண்கள் தனியாகப் போனால் நாலு பேர் கேட்கிறார்களே?

கேட்பார்கள். "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்று எனக்காக டிராக்டரை நிறுத்தியவர்கள் உண்டு. ஈரோட்டில் வ.உ.சி. பூங்கா, கோவையில் ரேஸ்கோர்ஸ் என்று நகரத்துக்காரர்களுக்கு இடம் இருக்கிறது, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கிராமத்தில் எனக்குக் கிடைத்தது கீழ்பவானி வாய்க்கால் மேடு. தண்ணீர் ஓடும் மாதங்களில் காலையில் அங்கே நடந்தால் வேறு எதுவும் தேவையில்லை. வாய்க்கால் வறண்ட மாதங்களில் மொட்டைமாடி. முழங்கால் வலி இருப்பவர்கள் சென்னிமலைப் படியெல்லாம் முயற்சி செய்ய வேண்டாம், 1,320 படி, இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும்.

மக்களைவிடப் பெரிய தொல்லை தெருநாய்கள். ஒரு குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்க வேண்டாம், கையில் இருந்தால் போதும்.

விரதம், பவுடர், ஊசி: எது நல்லது?

தைப்பூசத்துக்கு நம்ம பக்கத்திலிருந்து பழநிக்கு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் கால் கொப்புளிக்க நடந்துவிட்டு, மீதி வருடம் கடைக்கு வண்டியில் போவோம். சாமிக்கு அது சரி. எடைக்குச் சரிவராது. முப்பது நாள் சவால், ஏழு நாள் ஜூஸ் எல்லாமே எனக்கு அந்த மாதிரிதான் படுகிறது.

16 மணி நேர விரதம் சிலருக்கு ஒத்துவருகிறது. ராத்திரி அடக்க முடியாமல் தின்னும் பழக்கம் இருப்பவர்களுக்கு அது நெருப்பில் எண்ணெய். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கேட்காமல் செய்யவே கூடாது. பக்கத்து வீட்டு அக்கா விற்கும் எடை குறைப்பு பவுடரை நானும் மூன்று மாதம் குடித்தேன். குறைந்தது பர்ஸ்.

ஊசி என்பது டிர்செபடைட், செமாக்ளூடைட். எடை குறைப்புக்கென்று இவை 2025-ல் இந்தியக் கடைகளுக்கு வந்தன. வேலை செய்யும் மருந்துகள்தான், டாக்டர் எழுதிக் கொடுத்து, மனச்சோர்வு இருக்கிறது என்பதையும் சொல்லி, கண்காணிப்பில் எடுக்க வேண்டும். நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. நான் எடுக்கவில்லை, எடுப்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

கல்யாண வீட்டில் "என்ன இப்படிப் பெருத்துட்டே" என்கிறார்கள். அதே வாயால் இன்னொரு ஒப்புட்டும் (போளி) வைக்கிறார்கள்.

ஒறம்பரைக்கு, அதாவது விருந்தாளிக்கு, இலை நிறையப் போடாவிட்டால் நம்ம ஊரில் அது மரியாதைக் குறைவு. வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டார்கள் என்று பேச்சு வரும். "டயட்டுங்க" என்றால் இன்னும் இரண்டு வைப்பார்கள். "டாக்டர் வேண்டாம்னுட்டாருங்க" என்று சொல்லிப் பாருங்கள், கரண்டி தானாகப் பின்னால் போகும். நான் ஒப்புட்டு அரை வாங்கி, பந்தி முடியும்வரை மெதுவாகத் தின்பேன். இலை காலியானால்தானே வைப்பார்கள்.

பெருத்துட்டே என்ற பேச்சுக்கு எனக்கு நல்ல பதில் இன்னும் கிடைக்கவில்லை. பெரியம்மா ஒருவரிடம் மட்டும் ஒருநாள், "ஆமாங்க பெரிம்மா, சீக்கு. மாத்திரை சாப்படறேன்" என்று நேராகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து மண்டபத்து மூலைக்கு அழைத்துப்போய், "எனக்கும் அப்படித்தான் இருக்குது கண்ணு, எந்த டாக்டரு?" என்றார்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

தட்டைப் பார்க்காதீர்கள். "இவ்வளவு சோறா?" என்ற ஒரு சொல் போதும், அடுத்த வேளைச் சாப்பாடு ஒளிவிடத்துக்குப் போய்விடும். "நடந்துட்டு வா" என்று அனுப்பாமல் நீங்களும் செருப்பை மாட்டுங்கள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. காலையில் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

இன்னொன்று, தோட்டத்து வீடுகளுக்கு. வீட்டில் ஒருவர் மனசு உடைந்து கிடந்தால் பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்திப் பூட்டி வையுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் மனசு சரியில்லை என்று தினமும் குடிக்கிறார், எடையும் ஏறுகிறது.

ஒரு குவார்ட்டரில் 400 கலோரிக்கு மேல், அதோடு வறுவல் தனி. குடி மனச்சோர்வைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. தினமும் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம். அதனால் இதற்கும் அதே மனநலப் பிரிவுதான், டாக்டர் மேற்பார்வையில்.

எடை எப்போது பார்ப்பது? எவ்வளவு குறைந்தால் போதும்?

வாரம் ஒருநாள், ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில். உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் இவற்றாலேயே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும், அதனால் நாலு வாரச் சராசரியைத்தான் எழுதுவேன். மிஷினில் ஏறினால் அன்றைய நாளே கெடும் என்றால் ஏறாதீர்கள், இடுப்பை டேப் வைத்து மாதம் ஒருமுறை அளந்தால் போதும். நம் ஆட்களுக்குப் பெண்கள் 80 செ.மீ., ஆண்கள் 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

மாதம் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ என்பதே நல்ல வேகம். என்னுடையது அதிலும் பாதிகூட இல்லை. உள்ள எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் சீராகத் தொடங்கும். 83-க்கு அது நாலு கிலோ. 158 செ.மீ. உயரத்துக்கு இன்றைய 74-லும் நான் கணக்குப்படி பருமன்தான். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. என்ற அளவு இந்தியர்களுக்கு 23-க்குக் கீழே இருக்க வேண்டும், எனக்கு இன்னும் 29-க்கு மேல். அதற்காக ராத்திரி விழித்துக் கிடப்பதில்லை.

எடை குறைந்தால் மனச்சோர்வு போய்விடுமா?

எனக்குப் போகவில்லை. மொத்தம் நாலு கிலோ குறைந்து முடித்த மாதத்தில்தான் மறுபடி ஒருமுறை மனச்சோர்வில் விழுந்தேன். பழைய சுடிதார் சரியாகப் பொருந்திய அன்று சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்து, ஒன்றும் தோன்றாமல் பொக்கென்று போய்விட்டது. மூச்சு வாங்குவது குறைந்தது, முழங்கால் தேறியது, ராத்திரி தூக்கம் வந்தது. அவ்வளவுதான் அதன் வேலை.

மறுபடி ஏறிவிட்டால்?

ஏறும். 2023 தீபாவளியோடு டோஸ் குறைத்தபோது சரிவு வந்து மூன்று கிலோ திரும்ப ஏறியது. காலண்டரில் புள்ளிகூட இல்லாத பதினெட்டு நாள். டோஸைக் கூட்டினார்கள். கேட் வரை நடப்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மூன்று கிலோ இறங்க ஏழு மாதம்.

அக்கா, உங்களோடு நடக்க வரலாமா?

வாங்க. காலை ஆறேகால், வாய்க்கால் பாலம். ஐந்து நிமிடம் பார்ப்பேன், வராவிட்டால் கிளம்பிவிடுவேன், மறுநாளும் அதே நேரத்துக்கு அங்கே நிற்பேன். குச்சி நான் கொண்டு வருகிறேன்.